கச்சான் காற்றும் காட்டுத் தீயும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. மரமும் புல்லும், விலங்கும் பறவையும், மக்களின் தொழிலும் அவற்றின் வழிப் பிறக்கும் கருப்பொருள்கள். அகத்திணைக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டினை இக்காலத் தாவரவியலாரும் புவியியலாரும் வேறு சொற்களால் ஒப்புவர். ஒரு நிலத்தில் எம்மரம் வளரும் என்பதை அந்நிலத்தின் மழையும் வெயிலும் காற்றும் தீர்மானிக்கின்றன. அம்மரங்கள் எக்காலத்தில் எளிதில் தீப்பற்றும், எக்காலத்தில் பற்றா என்பதும் அவற்றைப் பொறுத்ததே. இவ்வுண்மையைக் கண்கூடாகக் காண்பதற்குத் திருகோணமலை மாவட்டம் ஏற்ற இடமாகும்.

திருகோணமலை என்றதும் இயற்கைத் துறைமுகமும், கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையும் நேயர்களின் நினைவுக்கு வருதல் இயல்பு. துறைமுகத்திற்குப் பின்னால், கன்னியா, கந்தளாய், மூதூர், குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் காட்டினை நினைப்பவர் சிலரே. ஆயினும் துறைமுகமும் காடும் நெடுங்காலம் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. சிங்களத்தில் ஹல்மில்ல எனவும் தமிழிற் சாவண்டலை எனவும் வழங்கும் மரம் வணிக உலகில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் பெற்றது. வளையுந் தன்மையும் உறுதியும் ஒருங்கே வாய்ந்த அம்மரம் சென்னைக்கு ஏற்றுமதியாயிற்று. சென்னைக் கடற்கரையின் பேரலைகளை ஊடறுத்துக் கப்பலுக்கும் கரைக்குமிடையே ஓடிய மசூலாப் படகுகளைக் கட்டுவதற்கு அது பயன்பட்டது. கடற்படையின் நீர்வழங்கற் பணிகளின் பெயரைத் தாங்கிய காட்டுப்பகுதியொன்று 1963ஆம் ஆண்டில் இம்மாவட்டத்திற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டதும் அத்தொடர்பையே நினைவூட்டும்.

இக்காட்டின் இயல்பை அறிய வேண்டின் முதலில் மழையின் கணக்கை நோக்குதல் வேண்டும். திருகோணமலை நகரில் ஓராண்டிற் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். இது சிறு தொகையன்று. இலண்டன் மாநகர் பெறும் மழையைப் போல் இருமடங்கிற்கும் மிகுதி. எனினும் இம்மாவட்டம் இலங்கையின் உலர்வலயத்துள் வைத்து எண்ணப்படுகின்றது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசும் நவம்பர், டிசம்பர் ஆகிய இரு மாதங்களும் தனித்தனியே 300 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைக் கொணர்கின்றன. ஜூன் மாதத்திலோ 30 மில்லிமீற்றர் கிடைப்பதும் அரிது. மே மாதந்தொட்டு நான்கைந்து மாதங்கள் நிலத்திலிருந்து ஆவியாகிப் போகும் நீர், வானிலிருந்து விழும் நீரினும் பன்மடங்கு மிகுதியாயிருக்கின்றது. ஆண்டு முழுவதற்குமான செல்வத்தைச் சில மாதங்களிற் பெற்று, எஞ்சிய மாதங்களைச் சேமிப்பைக் கொண்டு கழிக்கும் குடும்பத்தின் நிலை இங்குள்ள மரங்களின் நிலை.

வறட்சிக்கு மழையின்மை ஒன்று மட்டும் காரணமன்று. அக்காலத்தில் வீசும் காற்றும் வறண்ட காற்றாகும். கிழக்கிலங்கை மக்கள் அதனைக் கச்சான் என்பர். இந்துசமுத்திரத்தின் மேலாக வரும் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்றே கச்சானாக உருமாறுகின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் அக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகின்றது. எழும்போது குளிர்ந்து மழையைச் சொரிகின்றது. கினிகத்தேனை, வட்டவளை முதலிய இடங்கள் ஆண்டொன்றில் 5,000 மில்லிமீற்றர் அளவு மழை பெறுவது இதனாலேயே. மழையை அங்கே இறக்கிவிட்ட காற்று மறுபுறத்தே கிழக்குச் சமவெளியை நோக்கிக் கீழிறங்குகின்றது. ஈரமுள்ள காற்று மேலெழும்போது ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ அரைப் பாகை வெப்பத்தையே இழக்கும். ஈரமிழந்த காற்று இறங்கும்போதோ ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒரு பாகை வெப்பத்தைப் பெறும். ஆகவே 1,500 மீற்றர் உயரத்தைக் கடந்து மறுபுறம் இறங்கும் காற்று, புறப்பட்ட பொழுதினும் ஐந்தாறு பாகை வரை வெப்பமுடையதாதல் கூடும். அத்துணை வெப்பமும் வறட்சியும் கொண்ட காற்று வாரக்கணக்கில் வீசினால் உதிர்ந்து கிடக்கும் சருகும் சுள்ளியும் என்னாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய காலநிலையில் வளரும் காடு, வறட்சியில் இலையனைத்தையும் உதிர்த்து நிற்கும் காடாக இருக்கும் என எவரும் எதிர்பார்ப்பர். திருகோணமலைக் காட்டிற் பெரும்பகுதி அவ்வாறில்லை. அது உலர்வலயத்து என்றும்பசுமைக் காடு. பாலை, வீரை, கருங்காலி முதலிய மரங்கள் கச்சான் வீசும் காலத்திலும் இலைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றிடையே முதிரை, சாவண்டலை முதலியன கலந்து வளர்கின்றன. இலைகள் சிறியனவாயும் தடித்தனவாயும் தோல் போன்றனவாயும் அமைந்து நீரிழப்பைக் குறைக்கின்றன. வேர்கள் ஆழச் சென்று, மாரியில் மண்ணுட் புகுந்த நீரைத் தேடி எடுக்கின்றன. பாலை மரமோ வறட்சிக் காலத்திலேயே பழுத்து, மனிதருக்கும் கரடிக்கும் குரங்குக்கும் பறவைக்கும் ஒருங்கே உணவளிக்கின்றது. தமிழகத்துச் சோழமண்டலக் கரையிலும் இத்தகைய காடுகள் சிறு சிறு துண்டுகளாக எஞ்சியுள்ளன.

பசுமை நீங்காத இவ்வியல்பினால் விளையும் நன்மையொன்றுண்டு. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையிட்டாற்போல் நிற்பதனால் காட்டின் உள்ளே வெயிலும் காற்றும் எளிதிற் புகுவதில்லை. நிழலிற் புல் வளர்வதில்லை. தரையில் மெல்லிய சருகுப் படலமே இருக்கும்; அதிலும் ஈரம் சிறிதேனும் தங்கும். ஆகவே, குலையாத அடர்காட்டினுள் தீ எளிதிற் பரவுவதில்லை. தீக்கு ஆட்படாமல் வளர்ந்தமையால் அக்காட்டு மரங்கள் தீயைத் தாங்கும் ஆற்றலையும் பெரிதும் பெறவில்லை.

இதற்கு மாறான காட்டினைக் காண விழைவோர் தெற்கே ஊவாவின் பிபிலைப் பகுதிக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே உயர்ந்த புல்லிடையே மரங்கள் விலகி விலகி நிற்கின்றன. கடுக்காய், தான்றி, நெல்லி என்னும் திரிபலை மரங்களும் வேங்கையும் அங்கு மிகுதி. ஆண்டுதோறும் புல் எரிந்தாலும் அம்மரங்கள் தடித்த பட்டையினாற் காக்கப்பட்டுத் துளிர்க்கின்றன. அக்காடு தீயோடு பழகிய காடு. திருகோணமலையின் அடர்காடு தீயை அறியாத காடு. ஒன்றுக்கு உகந்த முறையை மற்றொன்றின்மேற் புகுத்தினால் விளைவது கேடே.

தீயை அறியாத காட்டிற்குள் தீயைக் கொண்டு சென்றவர் மனிதர். சேனைப் பயிர்ச்செய்கை இலங்கையில் மிகத் தொன்மையானது. மூதூருக்குத் தெற்கேயுள்ள கரையோர வேடர் சமூகத்தாரும், உலர்வலயத்துத் தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமத்தவரும் அதனை அறிவர். ஆனி, ஆடி மாதங்களிற் காட்டை வெட்டிச் சாய்ப்பர். வெட்டியவை வாரக்கணக்கிற் கச்சானிற் காயும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் தீயிடுவர். முதல் மழையோடு குரக்கன், எள்ளு, சோளம், பயறு, பூசணி ஆகியவற்றை விதைப்பர். சாம்பலிலுள்ள பொட்டாசியம், கல்சியம், பொசுபரசு ஆகியன மண்ணுக்கு உரமாகும். நைதரசனிற் பெரும்பங்கு வாயுவாகிப் போய்விடும். களைகளின் விதைகளும் பூச்சிகளும் வெப்பத்தால் அழியும்.

சேனைக்காரர் தீயிடும் நாளைத் தேர்வது எளிய செயலன்று. ஆகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை இடையிடையே பெய்வதுண்டு. மாதமொன்றிற்குச் சராசரியாக 90 முதல் 100 மில்லிமீற்றர் வரை அவ்வாறு கிடைக்கின்றது. முன்னதாகத் தீயிட்டால் மழை வருமுன் கச்சான் சாம்பலை வாரிக்கொண்டு போகும். காலந்தாழ்த்தினால் வெட்டிய மரங்கள் நனைந்து எரியாமற் கரிந்து கிடக்கும். அவ்வாண்டு விளைச்சல் அத்துடன் போகும். ஆண்டிற்கு ஒருமுறை, ஒரு சில நாள்களுக்குள், வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காரியம் அது. வரம்பைச் சுற்றிச் செத்தையைக் கூட்டித் தள்ளி வெளியிட்டு, காற்றடங்கும் வேளை பார்த்து, அயலவரையுந் துணைக்கழைத்துத் தீவைக்கும் வழக்கம் அநுபவத்தாற் பிறந்த அறிவாகும்.

ஆங்கிலேயர் ஆட்சி இவ்வறிவை மதித்ததாகக் கூறுவதற்கில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும், பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடத்தக்க சேனை நிலங்களையும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவாகக் கொண்டது. பின்னர் 1885ஆம், 1907ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட காட்டுக் கட்டளைச் சட்டங்கள் ஒதுக்குக் காடுகளில் தீமூட்டுவதைக் குற்றமாக்கின. சட்டத்தின் நோக்கம் காட்டைக் காத்தலாயினும், காட்டையே நம்பிய ஏழைக் குடியானவருக்கு அது பெருந்துன்பமாயிற்று. சேனை நிலம் சுருங்கியது, மக்கட்டொகை பெருகியது. முன்பு பத்தாண்டுக்கு மேலும் வளரவிடப்பட்ட நிலத்தை மூன்று நான்கு ஆண்டுகளிலேயே மீண்டும் வெட்ட வேண்டிய நிலை வந்தது.

உண்மையான இடர் இங்கேதான் தொடங்குகின்றது. நீண்ட இடைவெளியுடன் எரிந்த நிலம் மீண்டும் காடாகும். அடிக்கடி எரியும் நிலத்திற் சூரை, காரை, கிளா முதலிய முட்பற்றைகளே எஞ்சும். அவையும் எரிந்தபின் இலுக்குப் புல் பரவும். பிறநாட்டிலிருந்து மாட்டுத்தீவனமாகக் கொணரப்பட்ட கினிப்புல்லும் அதனோடு சேரும். மனிதரினும் உயர்ந்து வளரும் கினிப்புல் மாரியிற் செழித்து, வறட்சியிற் காய்ந்து, தீக்கு வேண்டிய விறகைத் தானே அடுக்கிவைக்கின்றது. தீ வந்தால் மரக்கன்றுகள் மாளும். புல்லோ வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். எரிந்த இடம் புல்லாகின்றது; புல்லான இடம் மீண்டும் எரிகின்றது. இவ்வாறு காட்டின் விளிம்பு ஆண்டுதோறும் சில அடி பின்வாங்கிச் செல்லும். தேன் எடுப்போர் அணைக்காமல் விட்ட தீவட்டியும், வேட்டைக்காரர் இளம்புல்லுக்காக இட்ட தீயும், வழிப்போக்கர் எறிந்த சுருட்டும் இதற்குப் போதும்.

இந்நிலையில் தீயைத் தீயாலேயே தடுக்கலாமா என்னும் வினா எழுகின்றது. கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு என அறிஞர் கூறும் முறை அதுவே. பெருந்தீ வருவதற்கு முன், தக்க பருவத்தில், குறித்த எல்லைக்குள், சிறு தீயினால் உலர்ந்த புல்லையும் சருகையும் எரித்துவிடுதல் அதன் கருத்து. அவுஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இக்கலையை அறிந்திருந்தனர். தமிழகத்து முதுமலைக் காட்டில் தீத்தடைப் பாதைகள் கோடை தொடங்குமுன், மார்கழி, தை மாதங்களையொட்டித் துப்புரவு செய்யப்படுகின்றன. ஏனெனில் அங்குத் தீயின் பருவம் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. திருகோணமலையின் நாட்காட்டி வேறு. முதுமலையின் கோடை மழையால் அவியும் வேளையில் இங்கே கச்சான் தொடங்குகின்றது.

தீ பரவுவதை மூன்று பொருள்கள் ஆளுகின்றன: எரிபொருளின் ஈரம், காற்று, நிலத்தின் சரிவு. உலர்ந்த புல்லும் சருகும் காற்றிலுள்ள ஈரத்தை மணிக்கணக்கில் ஏற்கவும் இழக்கவும் வல்லன. காலையிற் பனியால் நனைந்த புல் நண்பகலில் வெடிமருந்தாகலாம். அவற்றின் ஈரம் நூற்றுக்கு 25 அல்லது 30 பங்கிற்கு மேற்படின் தீ பரவாமல் அவிந்துவிடும். பத்துப் பங்கிற்குக் குறையின் அடக்குதல் அரிது. பெருங்கட்டைகள் காய்வதற்கு மாதங்கள் செல்லும். சரிவிலோ ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றோரைச் சூழ்ந்த தீ, இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. சரிவும் காய்ந்த புல்லும் காற்றும் ஒன்றுகூடினால் ஓடித் தப்புதலும் எளிதன்று என்பதற்கு அது கொடிய சான்று.

காற்றைப் பொறுத்தவரையில் திருகோணமலைக் கரைக்குத் தனி இயல்பொன்றுண்டு. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். அது தளரும் நாள்களிற் பிற்பகற் கடற்காற்று கிழக்கிலிருந்து புகும். காலையில் ஒரு திசை நோக்கிச் சென்ற தீ, மாலையில் மறுதிசைக்குத் திரும்பலாம். பக்கவாட்டில் மெல்ல ஊர்ந்த தீ நாக்கு, ஒரு நொடியில் முன்னணித் தீயாக மாறலாம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்னும் முதுமொழி களத்துமேட்டிற்குப் பொருந்தும். காட்டுத் தீக்குப் பொருந்தாது.

அங்ஙனமாயின் எப்பொழுது எரிப்பது? மாரி ஓய்ந்து மாசி பிறந்தபின், கச்சான் எழும் வைகாசிக்கு முன், ஒரு சிறு இடைவெளியுண்டு. மேற்புல் காய்ந்திருக்கும், அடிமண்ணும் கட்டைகளும் ஈரமாயிருக்கும், விடியலிற் பனி படியும், காற்று மென்மையாயிருக்கும். அப்பொழுது இடும் தீ தாழ எரிந்து, காட்டின் நிழலையும் ஈரத்தையும் அடைந்ததும் தானே அவியும். சேனைக்காரர் வேண்டுவது கட்டையும் சாம்பலாகும் வெந்தீ. அதற்கு உரியது வறட்சியின் முடிவு. காட்டைக் காப்போர் வேண்டுவது மேற்புல்லை மட்டும் உண்ணும் மென்தீ. அதற்கு உரியது வறட்சியின் தொடக்கம். கருவி ஒன்றேயாயினும் பருவம் வேறாக, விளைவும் வேறாகின்றது.

முறையும் இன்றியமையாதது. எரிக்கவிருக்கும் நிலத்தைச் சுற்றி முதலில் மண் தெரியும்படி வெளியிட வேண்டும். தீயைக் காற்றின் போக்கோடு ஓடவிடாமல், காற்றை எதிர்த்து ஊரும்படி கீழ்க்காற்று எல்லையிலிருந்து தொடங்க வேண்டும். நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றாக எரித்தல் நன்று. நீரும் பச்சைக் கிளைகளும் ஏந்திய ஆட்கள் இறுதிக் கங்கு அவியும் வரை அகலலாகாது. தரையிற் கூடு கட்டும் பறவைகளும் நட்சத்திர ஆமைகளும் உள்ள இடங்களை முன்னரே பார்த்து விலக்குதல் வேண்டும். ஒதுக்குக் காடுகளில் இவற்றைச் செய்யும் உரிமை திணைக்களத்தினருக்கே உண்டு என்பதையும் மறத்தலாகாது.

எங்கே எரிப்பது என்பது அதனினும் பெரிய வினா. பாலையும் வீரையும் கூரையிட்டு நிற்கும் அடர்காட்டிலே தீக்கு இடமேயில்லை. அங்கே எரிப்பது காப்பதாகாது, திறந்துவிடுவதாகும். கினிப்புல் மண்டிய தெருவோரங்களிலும், கைவிடப்பட்ட சேனைகளிலும், தேக்கந்தோட்ட ஓரங்களிலும் அதற்கு இடமுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த தேக்கு, உள்நாட்டு மரங்களைப் போலன்றி, வறட்சியிற் பெரிய இலைகளை உதிர்த்துத் தரையை மூடும். சேனைக்காரரைக் கொண்டே தேக்கை நாட்டிய கூட்டுக் காடாக்கத் திட்டத்தில் அவர்களே அத்தோட்டங்களின் காவலருமாயினர். குடிமக்களைப் பகைத்துக் காட்டைக் காத்தல் இயலாது என்பதற்கு அத்திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. சீனன்குடாவில் ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளும் காட்டிடையே நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று தீப்பற்றிப் பல நாள்கள் எரிந்தது. அத்தகைய இடங்களைச் சூழப் புல்லை அகற்றிவைத்தலின் தேவையை எவரும் மறுக்கார்.

பருவங்கள் முன்போல் ஒழுங்காக வருவதில்லை என்னும் குறை இன்று எங்கும் கேட்கின்றது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் வடகீழ் மழை பொய்த்தமையால் இலங்கை கடும் வறட்சிக்குள்ளாயிற்று. மாறாக, 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. சூறாவளி சாய்க்கும் மரமும் முறிக்கும் கிளையும் அடுத்த கச்சானிற் காய்ந்து விறகாகும். மழை பொய்த்த ஆண்டில் அடர்காட்டின் நிழலிலுள்ள சருகும் ஈரமிழக்கும். ஆகவே, இன்ன மாதத்தில் எரிக்கலாம் என்னும் பழைய கணக்கை மட்டும் நம்புதல் போதாது. புல்லைக் கையில் ஒடித்துப் பார்த்தும், மண்ணைத் தோண்டிப் பார்த்தும், வானிலை அறிக்கையைக் கேட்டும் நாளைக் குறித்தல் வேண்டும்.

கந்தளாய், தம்பலகாமம் வயல்களுக்கு நீர் தரும் குளங்களின் மேற்புறத்தே காடு நிற்கின்றது. மாரியின் வெள்ளத்தை மண்ணுக்குள் இறக்கி, மண் அரித்துக் குளத்தில் நிரம்பாமற் காப்பது அக்காடே. ஒருமுறை புல்லாகிவிட்டால் அதனை மீட்க ஒரு தலைமுறையும் போதாது. ஆதலால் கச்சான் வீசும் நாள்களிற் காட்டோரத்தில் தீமூட்டாதிருத்தல், சேனையை எரிப்போர் வெளியிட்டு அயலவருக்கு அறிவித்து எரித்தல், தீயைக் கண்டோர் காலந்தாழ்த்தாது வன அதிகாரிகளுக்கு உரைத்தல் ஆகியன ஒவ்வொரு குடிமகனின் கடமையாகும்.